பால்குழி அக்கா

அக்கா யாரையும் வாயால் நலம் விசாரித்து நான் பார்த்ததில்லை. கிட்டே வந்து புறங்கையை நம் கழுத்தில் வைப்பார். எந்நேரமும் தண்ணீரில் புழங்கிய கை, சில்லென்று இருக்கும். கொஞ்சம் பொறுத்து, "சூடு இருக்கு பிள்ள, தணிச்சிடலாம்" என்பார். காய்ச்சலில் கிடப்பவளுக்கும் அதே வார்த்தைதான், புருஷனிடம் அடி வாங்கிக்கொண்டு வந்து நிற்பவளுக்கும் அதே வார்த்தைதான்.

கல்யாணமாகி லுக்குட் ஊருக்குப் பக்கத்தில் அந்தச் செம்பனைத் தோட்டத்துக்கு நான் வந்தபோது, தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் அடுத்த வீடு அவருடையது. என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவர். நான் அதிகம் பேசமாட்டேன். மூன்றாம் படிவத்தோடு படிப்பு நின்றுவிட்டது, புது இடத்தில் யார் எதைக் கேட்டாலும் தலையாட்டத்தான் தெரியும். அக்காவுக்கு அது போதுமாக இருந்தது. அவருக்குப் பேச்சுத் துணை தேவைப்படவில்லை, கை வைத்துப் பார்க்க ஒரு கழுத்துதான் தேவைப்பட்டது.

அவர் பெயரை எழுத எனக்கு மனமில்லை. எழுதினாலும் தோட்டத்தில் பாதிப்பேருக்கு அது யாரென்று தெரியாது. பால்குழி அக்கா என்றால்தான் தெரியும். எங்கள் மாரியம்மன் கோயிலில் வருடா வருடம் தீமிதி நடக்கும். நெருப்புக் குழி முடியும் இடத்தில் ஆழமில்லாத சின்னக் குழி ஒன்று வெட்டி, அதில் பாலும் மஞ்சள் தண்ணீரும் ஊற்றி வைப்பார்கள். தீயில் நடந்து வருகிறவர்கள் அதில் காலை நனைத்துத்தான் வெளியே வர வேண்டும். அந்தக் குழி அக்காவின் பொறுப்பு. மாமியார் பார்த்த வேலை, மாமியார் போனபிறகு இவர் கைக்கு வந்தது. குழிக்குப் பக்கத்தில் முட்டி போட்டு உட்கார்ந்திருப்பார். அனல் முகத்தில் அடிக்கும். வருகிறவர்களின் பாதத்தை இரண்டு கையாலும் பாலுக்குள் அழுத்திப் பிடித்துத் துடைத்து விடுவார். சாமி வந்து துள்ளுகிற ஆள்கூட அக்கா கை பட்டால் அடங்கிவிடும் என்று சொல்வார்கள். நானும் பார்த்திருக்கிறேன், அடங்கித்தான் இருக்கிறது.

எதையும் அடக்கிவிட முடியும் என்ற நம்பிக்கை அவருக்கு அங்கிருந்துதான் வந்ததோ என்னவோ.

உடம்பில் வருவது எல்லாமே அவருக்குச் சூடு. கண் சிவந்தால் சூடு, வாயில் புண் வந்தால் சூடு, பிள்ளை தங்காவிட்டால் கர்ப்பப்பையில் சூடு. நாங்கள் பெண்கள் பாதிப்பேர் களைக்கு மருந்து அடிக்கிற வேலை. முதுகில் தொட்டி, காலில் ரப்பர் பூட்ஸ், தலைக்குமேல் வெயில். வெள்ளைப் படுவது, அடிவயிறு எரிவது, நடுவில் இரத்தம் காட்டுவது எல்லாம் எங்களுக்குள் சாதாரணம். வெளியே சொல்ல வெட்கம். அக்காவிடம் மட்டும் சொல்வோம். ஊறவைத்த வெந்தயம், மோர், வாரம் தவறாமல் நல்லெண்ணெய்க் குளியல். குறையும், மறுபடி வரும். மறுபடி வந்தால் மறுபடி மோர்.

வேலைக்காட்டில் நடந்த ஒரு விஷயத்தைச் சொல்ல வேண்டும். எங்கள் கூட்டத்தில் புதிதாகச் சேர்ந்த ஒரு பெண்ணின் இடுப்பில், எங்களை வேலை வாங்குகிற மண்டோர் கை வைத்துவிட்டான். வாயால் அசிங்கமாகப் பேசுவது எப்போதும் உள்ளதுதான், கை வைத்தது அன்றைக்குத்தான். அவனை மாற்றுகிற வரை யாரும் தொட்டியைத் தூக்குவதில்லை என்று எல்லாரும் சேர்ந்து முடிவெடுத்தோம். நான்கூட வாயைத் திறந்து சரி என்றேன். அன்று சாயங்காலம் அக்கா மோர்ச் செம்போடு வீடு வீடாக ஏறி இறங்கினார். அவன் பெண்டாட்டி கோயிலில் நம்மோடு கோலம் போடுகிறவள், பிள்ளைகள் நம் பிள்ளைகளோடு பள்ளிக்கூடம் போகின்றன, நான் பேசிக்கொள்கிறேன் என்று ஒவ்வொரு வீட்டிலும் சொன்னார். என் கழுத்தில் கை வைத்தார். மறுநாள் காலையில் எல்லாரும் தொட்டியைத் தூக்கிக்கொண்டு போனோம். அக்கா சொன்னபடியே அவனிடம் பேசினார். அந்த வருடம் தீமிதிக்கு விறகு முழுவதும் மண்டோர் உபயம். அந்தப் பெண் குடும்பத்தோடு சிரம்பானுக்குப் போய் ஏதோ கம்பெனியில் சேர்ந்துவிட்டாள். மண்டோர் வேலையிலிருந்து ஓய்வு பெறும்வரை எங்களுக்கு மண்டோராகவே இருந்தான்.

அக்கா இதைத் தன் வெற்றிகளில் ஒன்றாகத்தான் நினைத்திருந்தார். "ஒரு வம்பு இல்லாம முடிஞ்சிச்சு பாத்தியா" என்று பலதடவை சொல்லியிருக்கிறார்.

அவர் வீட்டுக்காரரை நாங்கள் லோரி அண்ணன் என்போம். செம்பனைப் பழக்குலைகளை எண்ணெய் மில்லுக்கு ஏற்றிப்போகிற லோரி ஓட்டினார். மில்லுக்குப் போகிற வழியில் அவருக்கு இன்னொரு வீடு இருந்தது, தோட்டத்தில் எல்லாருக்கும் தெரியும். அந்த வீடு போனபின் வேறு ஒன்று. அவர்களுக்கு ஒரே மகள். அவள் பள்ளியில் படிக்கும்போதே ஒரு நாள் அப்பாவின் சோற்றுத் தட்டைத் தூக்கி முற்றத்தில் வீசினாள். அங்கேயே போய்ச் சாப்பிடு என்று கத்தினாள். லயமே வாசலுக்கு வந்து நின்றது. அக்கா தட்டை எடுத்துக் கழுவி, மறுபடி சோறு போட்டு அவர் முன்னால் வைத்தார். பிறகு சந்தனம் அரைத்து மகளின் நெற்றியில் பூசப் போனார். மகள் அந்தக் கையைத் தட்டிவிட்டாள். அந்தத் தோட்டத்தில் அக்காவின் கைக்கு அடங்காதவள் அவள் ஒருத்திதான். கல்யாணமாகி சிரம்பான் பக்கம் ராசா என்ற ஊருக்குப் போனபின் தோட்டத்துக்கு அவள் வருவது குறைந்துவிட்டது.

தீமிதிக்குக் காப்புக் கட்டும் நாட்களில் தீட்டு வரக்கூடாது. வந்தால் பால்குழியைத் தொட முடியாது. அதற்கு எங்கள் பெண்களிடம் ஒரு வழி உண்டு, இன்றைக்கும் உண்டு. மாதவிலக்கைத் தள்ளிப்போடும் மாத்திரை. லுக்குட்டில் மருந்துக்கடையில் வாங்கலாம். யாருக்குத் தேதி இடிக்கிறது, யார் எப்போதிலிருந்து போட வேண்டும் என்பதெல்லாம் அக்காவுக்கு மனப்பாடம். தானும் போடுவார், மற்றவர்களுக்கும் வாங்கி வந்து தருவார். அம்மனுக்காகப் போடுகிற மாத்திரை எப்படிக் கெடுதல் செய்யும் என்று கேட்பார். அது கெடுதல் செய்ததா என்று எனக்குத் தெரியாது. செய்யவில்லை என்றுதான் பிறகு டாக்டரும் சொன்னார். கெடுதல் வேறு இடத்தில் இருந்தது. இரத்தம் எப்போது வந்தாலும் அதைத் தள்ளி வைக்க வேண்டிய ஒன்றாகவே பார்க்க அவர் பழகியிருந்தார்.

ஒரு வருடம் கிளினிக்கிலிருந்து மிஸ்ஸிகள் வேனில் வந்து தோட்டத்து மண்டபத்தில் கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனை செய்தார்கள். தாதிகளை நாங்கள் மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுவோம். அவர்கள் வந்து உட்கார்ந்திருக்க, ஒருத்தியும் வீட்டை விட்டு வெளியே வரவில்லை. அக்காதான் மண்டபத்தைக் கூட்டி, திரை கட்டி, மிஸ்ஸிகளுக்குச் சமைத்துப் போட்டு, பிறகு வீடு வீடாகப் போய் எங்களைக் கையைப் பிடித்து இழுத்து வந்தார். நான் கதவைச் சாத்திக்கொண்டேன்.

"பிள்ள பெக்கும்போது காட்டாததையா இப்ப காட்டப் போற, வா லா" என்றார் வெளியிலிருந்து.

திரைக்குப் பின்னால் நான் படுத்திருந்தபோது என் தலைமாட்டில் நின்று கழுத்தில் கை வைத்திருந்தார். எனக்கு அழற்சி இருப்பதாகவும் திரும்ப வரும்படியும் கிளினிக்கில் சொன்னார்கள். பயந்துபோன என்னை பஸ்ஸில் கூட்டிப்போனதும் அவர்தான். மருந்து கொடுத்தார்கள், சில மாதம் கழித்து மறுபடி பார்த்தார்கள், சரியாகிவிட்டது. திரும்பி வரும்போது பஸ்ஸில், "பாத்தியா, நான் குடுத்த வெந்தயம்" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. இப்போது நினைத்தால் வருவதில்லை.

அக்கா மட்டும் அன்று திரைக்குப் பின்னால் போகவில்லை. கையில் காப்புக் கட்டியிருந்தது. சோதித்தால் ஒரு சொட்டு இரண்டு சொட்டு இரத்தம் காட்டலாம் என்று மிஸ்ஸி சொல்லியிருந்தார். இரத்தம் காட்டினால் தீட்டு, தீட்டானால் குழி இல்லை. தீமிதி முடிந்தபின் கிளினிக்குக்குப் போய்க்கொள்கிறேன் என்றார். அடுத்த முறை வேன் வந்தபோது, ஒரே ஆளோடு வாழ்கிற உடம்பு, எனக்கு எதற்கு என்றார்.

வருடங்கள் போயின. தோட்டத்தில் எங்கள் ஆட்கள் குறைந்து வெளிநாட்டு ஆட்கள் நிறைந்தார்கள். நாங்களும் லயத்தைவிட்டு லுக்குட்டில் வீடெடுத்துப் போனோம், நான் பள்ளிக் கென்டீனில் வேலைக்குச் சேர்ந்தேன். தீமிதிக்கு மட்டும் எல்லாரும் தோட்டத்துக்குத் திரும்பி வருவோம். அக்காவுக்கு மாதவிலக்கு நின்று வெகுநாள் ஆகியிருந்தது. இனி மாத்திரைத் தொல்லை இல்லை என்று சந்தோஷமாகச் சொன்னவர்.

அப்படி நின்றுபோனது திரும்பி வந்தது. அதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. தீமிதிக்கு முன்தினம் கோயில் கொல்லையில் பால் டின்களைக் கழுவ உதவப் போனபோது, குழாயடியில் அவர் துணி அலசுவதைப் பார்த்துவிட்டேன். வாடையும் வந்தது, மாதவிலக்கின் வாடை இல்லை அது. நான் கேட்கவில்லை. என் முகம் கேட்டிருக்கும்.

"நெருப்புக்கிட்டயே உக்காந்து உக்காந்து சூடு ஏறிப்போச்சு பிள்ள. மாத்திரை போட்டேன், நின்னுருச்சு. இது மிச்சம்."

மறுநாள் குழிக்குப் பக்கத்தில் முட்டி போட்டவரால் எழுந்திருக்க முடியவில்லை. கடைசி ஆள் தீ மிதித்துப் போனபின்னும் அப்படியே பாலில் கையை வைத்துக்கொண்டிருந்தார். நான் தூக்கினேன். சேலை பின்பக்கம் நனைந்திருந்தது. பால் கொட்டிவிட்டது என்று பக்கத்திலிருந்தவர்களிடம் சொன்னேன். அந்தக் கூட்டத்தில் நான் சத்தமாகப் பேசியது அதுதான் முதல்தடவை. ஒரு துண்டைச் சுற்றி வெளியே கூட்டிவந்து மகளுக்குப் போன் செய்தேன். அன்று மாலையே ராசாவிலிருந்து வந்து, அம்மாவைக் காரில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள்.

சிரம்பான் ஆஸ்பத்திரியில் சோதனை முடிவு சொன்ன அன்று அக்கா மகளோடு என்னையும் கூட வரச் சொல்லியிருந்தார். டாக்டர் தமிழ்ப்பெண், சின்ன வயது. புற்றுக்கட்டி கர்ப்பப்பை வாயில் தொடங்கிப் பக்கத்தில் பரவிவிட்டது, அறுத்து எடுக்க முடியாது, கதிர் சிகிச்சை, நாங்கள் கரண்டு என்கிறோமே, அதை வைத்துப் பார்க்கலாம் என்றார். லோரி அண்ணன் டீ குடித்து வருவதாக வெளியே போயிருந்தார்.

அக்கா அழவில்லை. சூடுதானே டாக்டர், அதைத்தான் இத்தனை வருடம் தணித்துக்கொண்டு வந்தேன் என்றார். டாக்டர் சிரிக்கவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு மெதுவாகச் சொன்னார். நான் புரிந்துகொண்டவரை எழுதுகிறேன்.

ஒரு கிருமி உள்ளே நுழைந்தால் உடம்பின் காவல் அணுக்கள் அங்கே ஓடி வரும். அவை போடுகிற சண்டைதான் சிவப்பு, வீக்கம், சூடு. இந்தக் கட்டிக்குக் காரணம் உடலுறவில் தொற்றுகிற ஒரு கிருமி; பெரும்பாலான பெண்களுக்கு அது வந்தாலும் அந்தச் சண்டையில் செத்துப்போகும், வந்ததே தெரியாது. சிலர் உடம்பில் அது சத்தம் போடாமல் ஒளிந்துகொள்ளும். காவலுக்கு ஆள் சரியாக வராது. அப்படியே வருடக்கணக்காக இருந்து கட்டியாக மாறும். அதன்பின் வருகிற அணுக்கள் சண்டை போடும், ஆனால் முடிக்காது. முடியாத சண்டை உள்ளே கனன்றுகொண்டே இருக்கும். புண்ணை ஆற்றுவதற்காக அந்த அணுக்கள் சுரப்பதையே கட்டி தன் வளர்ச்சிக்கு எடுத்துக்கொள்ளும். மோரும் வெந்தயமும் அந்த இடத்துக்கே போவதில்லை. மாத்திரையால் இரத்தம் நின்றது என்று நீங்கள் நினைத்தீர்கள், அது தானாக வரும், தானாக நிற்கும்.

"சண்டை போதும், அடங்குன்னு சொல்றதுக்குன்னே சில அணு இருக்கும்மா," என்றார். "அதுவும் தேவைதான். இல்லாட்டி உடம்பு தன்னையே அழிச்சுக்கும். ஆனா கட்டி என்ன பண்ணும்னா, அந்த மாதிரி அணுவையெல்லாம் தன்னைச் சுத்திக் கூட்டி வெச்சுக்கும். அப்புறம் அதை அடிக்க வர்ற அணு அடிக்காது."

அக்கா கொஞ்ச நேரம் தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப என்னை மாதிரி ஆளு உள்ளுக்குள்ளயும் இருக்கு."

டாக்டருக்கு அது விளங்கவில்லை. மகளுக்கும் எனக்கும் விளங்கியது. மகள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

பிறகு அக்கா கேட்டார், ஒரே ஆளோடுதானே வாழ்ந்தேன், எனக்கு எங்கிருந்து வந்தது என்று. கூட வாழ்கிறவரிடமிருந்தும் வரலாம் என்றார் டாக்டர். எப்போது வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது, இருபது வருடம்கூட ஆகியிருக்கலாம். மகள் தன் பிள்ளையை நினைத்துப் பயந்து கேட்டாள். அந்தப் பெண் பிள்ளை அப்போது இடைநிலைப் பள்ளியில் முதலாம் படிவம் படித்துக்கொண்டிருந்தாள். பள்ளிக்கூடத்திலேயே இதற்குத் தடுப்பூசி போடுகிறார்கள், தவறாமல் போடுங்கள் என்றார் டாக்டர். கை ஒன்றிரண்டு நாள் வீங்கும், சுடும், பயப்பட வேண்டாம், காவல் அணுக்கள் எதிரியின் முகத்தைப் பழகுகின்றன என்று நினைத்துக்கொள்ளுங்கள் என்றார்.

வெளியே வந்ததும் அக்கா மகளின் கழுத்தில் கை வைத்தார்.

"அப்பாகிட்ட இதெல்லாம் பேசாத."

"ஏம்மா? இப்பவுமா?" என்றாள் மகள்.

"தணிச்சிடலாம்."

தூரத்தில் லோரி அண்ணன் அக்காவுக்குக் குடிக்க மைலோ பொட்டலம் கட்டிக்கொண்டு வந்துகொண்டிருந்தார்.

கரண்டு வைத்தார்கள். கொஞ்ச காலம் நன்றாக இருப்பது போல இருந்தது, பிறகு இல்லை. அக்கா ராசாவில் மகள் வீட்டிலேயே தங்கிவிட்டார். சனிக்கிழமைகளில் நான் போய்ப் பார்ப்பேன். இப்போது நான் அவர் கழுத்தில் கை வைப்பேன். கொதிக்கும். கட்டிலுக்குப் பக்கத்தில் எப்போதும் ஒரு தண்ணீர்ச் சட்டியும் துணியும் இருக்கும். கோயில் கமிட்டியிலிருந்து இரண்டு பேர் வந்து, அக்கா எழுந்து வருகிற வரை குழியை யார் பார்ப்பது என்று அவரிடமே ஆலோசனை கேட்டுவிட்டுப் போனார்கள்.

ஒரு சனிக்கிழமை நான் போனபோது பேத்தி கூடத்தில் கையைத் தூக்க முடியாமல் முகத்தைச் சுளித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். முந்தின நாள் பள்ளியில் ஊசி போட்டிருந்தார்கள். தோளுக்குக் கீழே சிவந்து வீங்கியிருந்தது. லோரி அண்ணன் பேத்திக்கும் அக்காவுக்கும் இளநீர் வாங்கி வந்திருந்தார். பேத்தியின் கையைத் தொட்டுப் பார்த்து, நெருப்பாகச் சுடுகிறதே என்று அவளை அறைக்குள் கூட்டிவந்து கட்டிலில் உட்கார வைத்தார்.

"ஈரத்துணி போட்டா சரியாயிடும். உங்க பாட்டி சொல்லும்ல, தணிச்சிடலாம்னு" என்று சட்டியிலிருந்த துணியைப் பிழிந்தார்.

ஈரத்துணி போட்டால் ஊசி கெட்டுப்போகாது, அது எனக்குத் தெரியும். அக்காவுக்கும் தெரிந்திருக்கும். ஆனால் அவர் முழங்கையை ஊன்றி எழுந்துவிட்டார். எழுந்து உட்கார்ந்தே பல நாள் ஆகியிருந்தது.

"தொடாத."

லோரி அண்ணன் கை அப்படியே நின்றது. அக்கா அவரை வாழ்நாளில் நீங்க என்று தவிர வேறு மாதிரிக் கூப்பிட்டு யாரும் கேட்டதில்லை.

"தொடாத நீ. நீ கொண்டாந்து குடுத்ததுக்குத்தான் இந்தப் பிள்ளைக்கு ஊசி. எரியட்டும் விடு. அதுவாச்சும் சண்ட போடக் கத்துக்கட்டும்."

குரல் பெரிதாக வரவில்லை, மூச்சுதான் பெரிதாக வந்தது. லோரி அண்ணன் துணியைச் சட்டியில் போட்டுவிட்டு ஈரக் கையோடு வெளியே போனார். கொஞ்ச நேரத்தில் அவர் மோட்டார் சைக்கிள் கிளம்பும் சத்தம் கேட்டது. மகள் கடைக்குப் போயிருந்தாள், அவள் காதில் விழ வேண்டிய வார்த்தை விழவில்லை. அக்கா சாய்ந்து படுத்துக்கொண்டு பேத்தியின் கையை, சிவந்த இடத்தில் படாமல், மணிக்கட்டில் பிடித்துக்கொண்டார். இன்னும் சுடுகிறதா என்று கேட்டார். சுடுகிறது என்றாள் அவள்.

"நல்லது" என்றார்.

அதன்பின் அவர் அதிகம் பேசவில்லை. மழை விடாமல் பெய்த ஒரு வாரத்தில் போய்விட்டார்.

உடலைத் தோட்டத்துக்குத்தான் கொண்டுபோனார்கள். கோயில் கமிட்டி மாலை போட்டது. பழைய மண்டோர்கூட மகனோடு காரில் வந்து இறங்கி, கையைக் கட்டிக்கொண்டு நின்றான். லோரி அண்ணன் கால்மாட்டில் உட்கார்ந்து அழுதார். பொய் அழுகை என்று சொல்லமாட்டேன். வருகிறவர்களிடமெல்லாம் ஒன்றையே திரும்பத் திரும்பச் சொன்னார்.

"குளுந்த மனசு. கடைசி வரைக்கும் என்னை ஒரு வார்த்த சூடா பேசினதில்ல."

எல்லாரும் ஆமாம் என்று தலையாட்டினார்கள். மண்டோரும் ஆட்டினான். எதிரில் தூணோரம் நின்றிருந்த பேத்தி ஊசி போட்ட கையை மற்றக் கையால் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். அங்கே தலையாட்டாமல் நின்றது நாங்கள் இரண்டு பேர்தான்.